தலைவர் போர்த்திய சால்வை

ஏனாத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர் சங்கீத சபாவின் செயலாளர் என்பது பேச்சிலிருந்தே தெரிந்தது.

“அந்த ஆளு கையை இறக்கினாலும் முடிஞ்சிதுன்னு அர்த்தம் இல்லியாம்பா,” என்றார் அவர்.

“எந்த ஆளு?” என்றார் நண்பர்.

“நம்ம சீசனுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு வெஸ்டர்ன் ஆர்க்கெஸ்ட்ரா வந்துதே, அதை நடத்தினவரு. நாப்பது பேரு வாசிக்கிறாங்க, அவரு குச்சியை ஆட்டிக்கினே இருந்தாரு. திடீர்னு கையை இறக்கினாரு, எல்லாம் நின்னுடுச்சி. நம்ம சபா தலைவரு உடனே மேடையேறி, தன்னோட தறியில நெய்த பட்டுச் சால்வையைப் போத்திட்டாரு.”

“நல்லதுதானே.”

“அது முதல் பாகமாம். மொத்தம் நாலு இருக்குதாம். ரெண்டாவது தடவை நின்னப்போ மாலையோட போனாரு. மூணாவது தடவை நன்றியுரையே ஆரம்பிச்சிட்டாரு.”

“அவரு கோச்சுக்கலியா?”

“சால்வை, மாலையோடயே கடைசிப் பாகத்தை நடத்தினாரு. வேர்த்து ஊத்துது. நிஜமாவே முடிஞ்சப்போ ஒருத்தரும் கை தட்டல. எல்லாரும் தலைவரையே பாத்துக்கினு இருந்தாங்க. தலைவரு, இன்னும் பாக்கி இருக்குமோன்னு பயந்துபோயி எழுந்துக்கவே இல்ல.”

“அப்புறம்?”

“அந்த மனுஷன் தானே இறங்கி வந்து, சால்வையைக் கழட்டித் தலைவரு தோள்ல போத்தினாரு. அப்பதான் எல்லாரும் கை தட்டினாங்க.”

“தலைவருக்கு அவமானமா போயிருக்குமே.”

“அதெல்லாம் இல்லப்பா. அந்தக் கலரு அந்த மனுஷனுக்குப் பிடிக்கல போலன்னு, அடுத்த வருஷத்துக்கு இப்பவே தறியில வேற கலரு போடச் சொல்லிட்டாரு.”