இடது காலுக்கு விட்ட இடைவெளி

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை யாரும் கிழித்துப் போடக் கூடாது. மேலிருந்து விழுகிறவர்களுக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது.

என் மனைவி காவ்யா, சண்டைக் காட்சிகளில் கதாநாயகிகளுக்குப் பதிலாகக் குதிப்பவள். நான் அம்பத்தூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரம் சோதிப்பவன். விடுமுறை நாட்களில் அவள் விழுவதற்குப் பெட்டி அடுக்குவேன். "நீ அடுக்குனா கண்ண மூடிகினு குதிப்பேன்யா" என்பாள். அப்படித்தான் குதிப்பாள்.

ஐதராபாத்தில் ஆறு மாதப் படப்பிடிப்புக்கு அவளைக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்றேன்.

"ஆறு மாசந்தான? நம்ம காட்டுப்பாக்கம் வூடு எங்கியும் ஓடிடாது" என்று சிரித்தாள்.

ஒரு கால் முறிந்தால் மூன்று மாதம் வீட்டில் இருப்பாள். இரண்டு நாள் கணக்குப் போட்டேன். அவள் உயரத்துக்கு ஊன்றுகோலும் வாங்கிவைத்தேன்.

பூந்தமல்லி தாண்டி ஒரு படப்பிடிப்புத் தளம். இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும். இடது ஓரத்தில் ஒரு பெட்டி அளவுக்கு இடம் விட்டு அடுக்கினேன். மேலிருந்து பார்த்தால் தெரியும். அவள் பார்க்க மாட்டாள். 'ரெடி' என்று குரல் கொடுத்தேன். குதித்தாள். கழுத்து முறிந்து இறந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, தடயவியல் டாக்டர் ராஜகுமாரி அவள் எடையில் ஒரு பொம்மையோடு அதே இடத்துக்கு வந்தார். பொம்மைக்குத் துணி கேட்டார்கள். காவ்யாவின் பச்சைச் சுடிதாரை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பெட்டிகள் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும் என்றார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். சோதனையில் பொய் கலந்து எனக்குப் பழக்கமில்லை. இடைவெளியோடு அடுக்கினேன்.

எட்டு முறை தள்ளினார்கள். எட்டு முறையும் பொம்மையின் இடது கால் மட்டும் உடைந்தது. ஒவ்வொரு முறையும் புதுக் கால் மாட்டினார்கள்.

"இன்னா மாமே, இதுக்குக் கால் வாங்கியே டிபார்ட்மெண்ட் போண்டியாயிடும் போலகீது" என்றார் கான்ஸ்டபிள் வேம்புலி, பக்கத்தில் நின்ற இன்னொரு கான்ஸ்டபிளிடம். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க மனைவியோட இடது கால்ல ஒரு கீறல்கூட இல்லீங்க. கடைசி நேரத்துல கீழ எதையோ பாத்து, காலை இழுத்துக்கிட்டு உடம்பைத் திருப்பியிருக்காங்க. அதனாலதான் தலை போய்த் தரையில மோதியிருக்கு. இந்த இடைவெளி எதுக்கு?"

"இடது காலுக்கு" என்றேன்.

கொலை என்கிறார்கள். என் கணக்கில் பிழை இல்லை என்பதற்கு உடைந்த கால்கள் எட்டு இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேன் என்று சொன்னது அவள்தான்.