ஒரு நாளும் தவறாதவர்

ஐயா, இந்த ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பழக்கடைத் தராசு இருபது கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. வரும் வழியில் பார்த்தேன். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தட்டுக்கு அடியில் பழத்தோல் ஏதோ ஒட்டிக் காய்ந்திருக்கிறது, சுரண்டிவிட்டால் சரியாகிவிடும். முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று எத்தனை நாளானாலும் கண் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் ஏட்டு என்னை இரண்டு முறை வீட்டுக்குப் போகச் சொன்னார். "பெரியவரே, உங்க சம்பந்தி மாரடைப்புல போயிருக்காரு. நீங்க மனசு கஷ்டத்துல என்னென்னமோ பேசுறீங்க. போய்ப் படுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார். தங்கமான மனிதர். நீங்கள்தான் காகிதத்தைக் கொடுத்து எழுதச் சொன்னீர்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். சிரமமில்லாமல் படிக்கலாம்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே காலை ஐந்தரைக்கு உடற்பயிற்சி மன்றம் கூடும். வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. ஐந்தே முக்காலுக்குச் செயலாளர் பதிவேட்டை மூடிவிடுவார். அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் அன்றைக்கு ஆப்சென்ட்தான். மேஜைக்குப் பின்னால் சுவரில் பச்சைப் பலகை ஒன்று. "ஒரு நாளும் தவறாதவர்" என்று மேலே எழுதியிருக்கும். மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு காலைகூடத் தவறாமல் வந்தவர் பெயர் மட்டும்தான் அதில் இடம்பெறும். எண்பது பேர் இருக்கும் மன்றத்தில் இரண்டே பெயர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் சம்பந்தியுடையது.

அப்போது அவர் சம்பந்தி ஆகியிருக்கவில்லை. முப்பத்துநாலு வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புக் கால், இடி மாதிரிச் சிரிப்பு. அவர் பையனுக்கு என் மகளைக் கொடுக்கலாமா என்று மூன்றாவது சுற்றில் பேச்செடுத்தோம். நாலாவது சுற்று முடிவதற்குள் நிச்சயம் செய்துவிட்டோம். நல்ல குடும்பம். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கல்யாணத்தன்று காலை நாலரைக்கு மண்டபத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வான்? தண்ணீர் லாரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, அவரை எழுப்பி, லாரி கிளம்பி, தொட்டி நிரம்பியபோது மணி ஆறே கால். பையனைப் பெற்றவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எழுந்தார், மைதானத்துக்குப் போனார், கையெழுத்துப் போட்டார், நாலு சுற்று ஓடினார், வந்து குளித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். குளித்தது நான் கொண்டுவந்த தண்ணீரில்.

சாயங்காலம் என் முதுகில் தட்டிச் சொன்னார்: "சம்பந்தி, உங்க கையெழுத்தையும் என்னையே போட்டுடச் சொன்னாரு செயலாளர். நாந்தான் வேண்டாம்னுட்டேன். எங்க சம்பந்தி நேர்மையான மனுஷன், அதெல்லாம் அவருக்குப் பிடிக்காதுன்னு சொல்லிட்டேன்."

அவர் சொன்னது சரி. எனக்குப் பிடித்திருக்காது. ஆனால் கேட்டிருக்கலாம்.

மறுநாள் பலகையில் என் பெயரின்மேல் பச்சைச் சாயம் பூசப்பட்டிருந்தது. மட்டமான சாயம். வெயில் ஏறினால் அடியில் என் பெயர் மங்கலாகத் தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். தராசில் ஒரு தட்டு இறங்கியே இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். அவருக்கும் ஒரே ஒரு நாள் தவறினால் போதும். பலகை காலியாகிவிடும். நாங்கள் இருவரும் மனிதர்களாக, சமமாக இருப்போம்.

அவரைத் தவற வைப்பது லேசான காரியம் இல்லை. மழையில் வந்தார். காய்ச்சலில் வந்தார். கணுக்கால் வீங்கியபோது நொண்டிக்கொண்டே வந்து நாலு சுற்று நடந்தார். "முப்பத்துநாலு வருஷப் பழக்கம் சம்பந்தி. நான் படுத்திருந்தாலும் காலு தானா கெளம்பிடும்" என்பார். அப்போதுதான் பிராந்தி நினைவுக்கு வந்தது. எங்கள் ஆபீசில் மேலதிகாரி ஒருவர் சனிக்கிழமை குடித்தால் திங்கட்கிழமை மத்தியானம்தான் தலை காட்டுவார்.

சம்பந்தி குடிகாரர் இல்லை, ஐயா. அதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எப்போதாவது ஒரு மடக்கு, அதுவும் யாராவது வற்புறுத்தினால். நான் வற்புறுத்தினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி, ஒரு தட்டு வறுத்த கடலை. அவர் டம்ளரில் அறுபது மில்லி. வேலைக் காலத்தில் வைத்திருந்த கண்ணாடி அளவுக்குழலில் அளந்தேன், ஒரு சொட்டு கூடக் குறைய இருக்காது. என் டம்ளரில் பால் விடாத டீ. இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான்.

மறுநாள் காலை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். எனக்கு முன்பே அவர் உள்ளே இருந்தார். "சம்பந்தி, சொன்னா நம்ப மாட்டீங்க. குழந்தை மாதிரித் தூங்கினேன்" என்றார்.

தொண்ணூறு ஆக்கினேன். வந்தார். வாரத்துக்கு மூன்று நாள் ஆக்கினேன். வந்தார். நூற்றிருபது ஊற்றிய மறுநாள் முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் அன்றைக்குத்தான் மனிதர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். நாலு சுற்று கூடுதலாக ஓடினால் தலைபாரம் இறங்கிவிடுகிறதாம். "ராத்திரி குடிச்சது தப்புதான் சம்பந்தி. ஆனா தப்பைக் காலையில ஓடிக் கழுவிடலாம். வேர்வையோட எல்லாம் எறங்கிடுது பாருங்க" என்று சட்டையைப் பிழிந்து காட்டினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கணக்கே வந்துவிட்டது. தொண்ணூறுக்கு ஆறு சுற்று, நூற்றிருபதுக்கு எட்டு, நூற்றைம்பதுக்குப் பத்து. நான் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். என் நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் மில்லி, வலப்பக்கம் சுற்று. இணைத்திருக்கிறேன், பாருங்கள். சில நாட்களில், நான் அவரைக் குடிக்க வைக்கிறேனா, அவர் என்னை ஊற்ற வைக்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை. அறுபத்துமூன்று வயதில் ஒரு மனிதர் இப்படி ஓடினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மைதானமே அவரைப் பார்த்து வாய் பிளந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. மன்னிக்கவும், அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன். எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஓடும்போது தண்ணீர் குடித்தால் வேர்வையின் பலன் போய்விடும் என்று ஒரு புத்தகத்தில் படித்ததாக அவரிடம் சொன்னேன். அப்படி ஒரு புத்தகம் இல்லை. அன்றிலிருந்து அவர் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். நான் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்வார். அதில் குறையே சொல்ல முடியாது.

நாலாவது மாதம் சம்பந்தியம்மா என்னைத் தேடி வந்தார். "அண்ணா, நீங்க சொன்னாதான் கேப்பாரு. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. கையெல்லாம் நடுங்குது. ஓட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றார். அந்த அம்மா கண் கலங்கியதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. சம்பந்தியை டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிச் சோதனை செய்தார்கள். மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கி வந்ததும் நான்தான்.

சம்பந்தி என் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "நீங்களே படிங்க சம்பந்தி" என்றார்.

டாக்டர் நாலு வரி எழுதியிருந்தார். உப்பைக் குறைக்கவும். காலையில் அரை மாத்திரை. ஒரு மாதம் கழித்து மீண்டும் வரவும். இந்த மூன்றையும் ஓர் எழுத்து பிசகாமல் படித்தேன். நாலாவது வரி இது: "இதயத் துடிப்பு சீராக இல்லை. மது அருந்திய மறுநாள் காலை ஓடினால் உயிருக்கு ஆபத்து."

அதைப் படிக்கவில்லை. காரணம் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள். படித்திருந்தால் அவர் எதை விட்டிருப்பார்? ஓட்டத்தையா? ஒருக்காலும் இல்லை. குடியைத்தான் விட்டிருப்பார். நாலு மாத உழைப்பு வீணாகியிருக்கும்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சும்மா பயமுறுத்திட்டா எங்க வீட்டம்மா" என்று டம்ளரை நீட்டினார். சீட்டை மடித்து என் பையில் வைத்துக்கொண்டு நூற்றெண்பது ஊற்றினேன். நோட்டில் அது நாற்பத்தொன்றாவது பதிவு. அதற்கு அடுத்த பதிவு இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐந்து இருபத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது சுற்றில் வேகம் குறைந்தது. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "சம்பந்தி, கொஞ்சம் தண்ணி" என்றார். கொடுத்தேன், ஐயா. அந்த அளவுக்கு ஈவிரக்கம் எனக்கு உண்டு. என் தோளில்தான் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். நடிப்பில்லை. என் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. அழுது ஓய்ந்தபோது மேஜை கண்ணில் பட்டது. அன்றைக்கும் அவருக்குப் பிரசென்ட்.

போன ஞாயிறு மைதானத்தில் இரங்கல் கூட்டம். செயலாளர் ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். சம்பந்தி இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவரிடம் கொடுத்ததாம். "என் மகன் கல்யாண நாளில் நான் மைதானத்துக்கு வந்திருக்கக் கூடாது. சம்பந்தி தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்தபோது நான் அவர் கூட நின்றிருக்க வேண்டும். அந்த நாளுக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டு, பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அவர் தினமும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார்.

எண்பது பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே ஒரு தீர்மானம் போட்டார்கள். அவர் பெயர் தங்கநிறச் சாயத்தில் நிரந்தரமாக இருக்குமாம். இனி அந்தப் பலகையில் வேறு பெயரே எழுதப்படாதாம். தணிந்து போவதிலும் என்னை முந்திவிட்டார் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மன்றத்தின் முதல் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். பழைய பதிவேடுகளைப் பத்திரமாக வைக்க என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள், என் பரணில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பதினோரு விதிகள். யாருக்கும் நினைவில்லை, எனக்கே இல்லை. ஒன்பதாவது விதி: முந்தின நாள் மாலை மது அருந்தியவர் மறுநாள் பயிற்சியில் கலந்துகொண்டால் அந்த வருகை செல்லாது. அப்படியென்றால் அவருக்கு ஒரு நாள் இல்லை, நாற்பத்தொரு நாள் ஆப்சென்ட்.

செயலாளரிடம் ஓடினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "செத்த மனுஷன் மேல பழி போடுறீங்களே, சாட்சி யாரு? போங்க, போலீஸ்ல எழுதிக் குடுத்து முத்திரையோட கொண்டாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று கதவைச் சாத்தினார். அவர் கோபத்தில் சொன்னார். ஆனால் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இங்கே வந்தேன்.

பிராந்தி ஊற்றிக் கொடுப்பது குற்றமில்லை, வழக்கே எழுத முடியாது என்று நீங்கள் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. வழக்கு இல்லாவிட்டால் முத்திரை ஏது? அதற்காகத்தான் டாக்டர் சீட்டையும் இணைத்திருக்கிறேன். நாலாவது வரியைத் தெரிந்தே படிக்காமல் விட்டேன். தெரிந்தே அன்று ஊற்றினேன். அவர் சாவுக்கு நான்தான் காரணம். இது வழக்குக்குப் போதும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் சொல்லுங்கள், தண்ணீர் விஷயத்தை இன்னும் விரிவாக எழுதித் தருகிறேன்.

என் மகளுக்கு இது தெரியாது. மாமனார் போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று இன்று மத்தியானம்கூடச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவளிடம் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது. எனக்கு அதற்குத் தைரியமில்லை. எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்மேல் பொறாமைப்படத்தான் நாலு பேர் உண்டு, நான் யார்மேலும் பட்டதில்லை.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று முத்திரையுடன் மன்றச் செயலாளருக்குப் போக வேண்டும். இன்னொரு சின்ன உதவி. இன்று இரவு என்னை இங்கேயே வைத்துக்கொள்வீர்கள் என்று தெரிகிறது. ஆட்சேபணை இல்லை. காலை ஐந்தரைக்கு மட்டும் ஒரு கான்ஸ்டபிளோடு மைதானத்துக்கு அனுப்பிவைத்தால் போதும், பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன். விலங்கு போட்டே அழைத்துப் போகலாம். இடது கையில் போடச் சொல்லுங்கள். எனக்குக் கையெழுத்து வலது கையில்.