முதல் பட்டை தொடங்கும் இடம்

உங்கள் ஸ்டேஷன் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதே, அது நீங்கள் நினைக்கிற பல்லி இல்லை, மேடம். வாலில் முள் வரிசை இருக்கிறது பாருங்கள், அது வேறு இனம். அது சேர்ந்த பேரினம் ஒன்றில் மட்டும் நூற்றுக்கு மேல் இனங்கள் உண்டு. ஊருக்கு எல்லாம் ஒன்றுதான், பல்லி. அது கத்தியதும் உங்கள் ரைட்டர் பக்கிரி மேசையைத் தட்டிக்கொண்டார். மேலே விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரைப் புரட்டுவார்களே தவிர, நிமிர்ந்து ஒரு தடவை அதைப் பார்க்க மாட்டார்கள். பார்க்கத் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். அதைச் சொல்லத்தான் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன்.

என் பெயர் கார்த்திகேசன், விலங்கியல் பேராசிரியர். கடலூர் கேப்பர் மலைச் செம்பாறையில் திரியும் ஒரு பல்லியைப் புது இனம் என்று உலகத்துக்குச் சொன்னவன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இனத்தின் பெயரை யார் முறையாக அச்சிட்டாலும், அதற்குப் பின்னால் பெயர் வைத்தவனின் பெயரும் வரும். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மலர்க்கொடி என்னிடம் ஆராய்ச்சி செய்த பெண். அப்பா கோவிந்தசாமி நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். போனால் போகிறது என்று சேர்த்துக்கொண்டேன். லென்ஸைப் பிடிக்கக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் பல்லியையே எடுத்துக்கொண்டாள். ஆண் பல்லியின் தொடையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். என் பல்லிக்கு அவை குறைவு, அதனால் அது தனி இனம் என்று நான் எழுதியிருந்தேன். இவள் பாறை பாறையாக ஏறி இறங்கி இன்னும் நிறைய ஆண் பல்லிகளைப் பிடித்துத் துளைகளை எண்ணினாள். மரபணுவையும் சோதித்தாள். வெள்ளைக்காரன் காலத்திலேயே பெயர் வைத்த பழைய பல்லிதான் இது என்று முடித்தாள். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்த பெயர்தான் நிற்கும். இளையது செத்த பெயர். அதைப் பொறுக்கியெடுத்து யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

கட்டுரையோடு பயந்து பயந்துதான் வந்தாள். "சார், உங்க பேரையே முதல்ல போட்ருவோம். நீங்களே திருத்திக்கிட்ட மாதிரி இருக்கும். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். அந்தக் கரிசனத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

இன்னும் ஓர் ஆண் பல்லி பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கேப்பர் மலைக்கு அழைத்துப்போனேன். மனதில் எந்தத் திட்டமும் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறுங்கையால் கல்லைப் புரட்டாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். புரட்டினாள். சுண்டுவிரலில் ஏதோ சுருக்கென்றது என்றாள். கல்லுக்கடியிலிருந்து ஒரு பாம்பு வெளியே வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள்.

நான் பாம்பு பிடிக்கிற வளைகம்பியால் அதை நிறுத்தினேன், நிதானமாகப் பார்த்தேன். கட்டுவிரியனுக்கும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. முதல் பட்டை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலையை விட்டுத் தள்ளித்தான் தொடங்கும், நடுமுதுகில் அறுகோணச் செதில்கள் ஒரு வரிசை ஓடும். பார்த்த பிறகு அதைப் புதருக்குள் விட்டுவிட்டேன்.

"கட்டுவிரியனா சார்?" என்றாள்.

"வெள்ளிக்கோல் வரையன். விஷமில்ல. கைய கழுவிக்க."

"அப்பாடா, உசுரே போயிடுச்சு சார்" என்று சிரித்தாள். என் எண்ணிக்கையை நம்பாமல் பாறை பாறையாக அலைந்தவள், தன் உயிர் விஷயத்தில் ஒரு செதிலைக்கூட எண்ணவில்லை. அன்றைக்கு வேண்டிய ஆண் பல்லியையும் அந்தக் கையாலேயே பிடித்துக் கொடுத்தாள். திரும்பும்போது அரசு ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் வந்தோம். "எதுக்கும் ஒரு தடவ காட்டிட்டுப் போவட்டுமா சார்?" என்றாள். விஷமில்லாத கடிக்கு வீண் அலைச்சல் என்றேன். நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து கையாட்டினாள்.

கட்டுவிரியன் கடி அவ்வளவாக வலிக்காது. அதுதான் அதன் குணம். விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியத்துக்குப் போயிருந்தேன். கோவிந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வயித்த வலிக்குதுன்னா சார். கண்ணு சொருவுது, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடின்னேன். சாரே பாத்துட்டாரு, அவுரு சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்னு படுத்துக்கிட்டா. நீங்க என்னா பண்ணுவீங்க? தெரியாம சொல்லிட்டீங்க. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க சார்."

தெரியாமல். சர்க்கரை ஆலையில் கரும்பு தூக்குகிற ஆள் என்னை மன்னிக்கிறார், எனக்குத் தெரியாது என்று. துக்கத்துக்கு வந்த என் துறைக்காரர்களும் அதையே சொல்லி முதுகைத் தட்டினார்கள். கட்டுவிரியனைக் கண்டுபிடிக்கத் தெரியாத பேராசிரியர் என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்களாம். சோறு இறங்கவில்லை, மேடம். அவள் செத்த அன்றைக்குக்கூட எனக்குச் சோறு இறங்கியது.

"சார், துக்கத்துல ஏதேதோ பேசுறீங்க. தப்பு யாருக்கும் வரும்" என்கிறீர்கள். இன்ஸ்பெக்டர் ஜான்சி, எனக்கு வராது. வளைகம்பியில் அது நெளிந்தபோதே முதல் பட்டை தள்ளித் தொடங்கியதைப் பார்த்தேன், அறுகோணச் செதிலையும் பார்த்தேன். கட்டுவிரியன் என்று தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். அவள் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். இந்த வாக்குமூலத்தில் 'தவறுதலாக' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. பக்கிரியைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

பல்லி விஷயத்தில் அவள் சொன்னது சரியா என்கிறீர்களா? அன்றைக்கு அவள் பிடித்துக்கொடுத்ததன் துளைகளை எண்ணிவிட்டேன். அது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது, மேடம். அதை மட்டும் எழுத வேண்டாம்.