தவறாத எண்

எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனை யார் நீட்டினாலும் நான் வேண்டாமென்று சொல்வதில்லை. தூத்துக்குடியில் டாக்டராக இருப்பவனுக்கு அது அழகும் இல்லை. எங்கள் ஆணிமுத்து கருத்தரிப்பு மையத்தில் ரத்தப் பரிசோதனை பாஸிட்டிவ் என்று வந்த வீட்டார் மறுநாளே மக்ரூன் டப்பாவோடு வந்து நிற்பார்கள். வரவேற்பறை மேஜையில் டப்பா குறைந்தால், எதிரே காத்திருக்கும் பெண்களின் முகம் வாடும். ஆகவே டப்பா குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று.

பகவதி மேடம், என்னிடம் சிகிச்சைக்கு வந்த சுடலைச்செல்வி என்னுடைய கவனக்குறைவால் இறந்துபோனார் என்று சற்று முன் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டர் என்ற முறையில் உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கவனக்குறைவு என்ற சொல் டாக்டர் சிவப்பிரகாஷின் பெயரோடு ஒட்டாது. அதைத் திருத்தத்தான் வக்கீல் வந்து சேருவதற்குள் பேசுகிறேன்.

ஹார்மோன் அளவை வைத்துக் கர்ப்பத்தைக் கணிப்பதில் தென்மாவட்டங்களில் என் பெயரைத்தான் சொல்வார்கள். மதுரை மாநாட்டில் இதைப் பற்றிப் பேசியதற்கு எனக்குச் சால்வை போட்டார்கள். போட்டவர் என் பேச்சு முழுக்கத் தூங்கியவர் என்பது வேறு விஷயம். மற்ற டாக்டர்கள் ஹார்மோன் ரிப்போர்ட்டைப் பார்த்து, "வாய்ப்புக் கம்மிதான்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நான் அப்படி இல்லை. வியாழக்கிழமை பாஸிட்டிவ் வரும் என்பேன். எண் எவ்வளவு இருக்கும் என்றும் சொல்வேன். வரும்.

எப்படி வராமல் போகும்? சினைமுட்டையை முதிரவைக்க ஓர் ஊசி உண்டு. அந்த ஊசியில் இருப்பதும், கர்ப்பமானால் ரத்தத்தில் ஊறுவதும் ஒரே ஹார்மோன். கரு தாங்குவதற்கான ஊசி என்று சொல்லிப் பரிசோதனைக்கு முன்பே அதைப் போட்டுவிட்டால், மிஷின் கர்ப்பம் என்றுதான் காட்டும். பிறகு ஊசியை நிறுத்துவேன். எண் தானாக இறங்கும். "கரு தங்கலைம்மா, அடுத்த தடவை தங்கிரும்" என்பேன். அழுவார்கள். அடுத்த தடவையும் வருவார்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள் மேடம். மலடி என்று பேர் வாங்கிய பெண்ணுக்கு, உண்டாகிக் கலைந்தவள் என்பது பதவி உயர்வு. சுடலைச்செல்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் செந்தூர்வேல் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வாய் திறக்காத மனிதர், அவருக்கும் சேர்த்து அவருடைய தாயார் சண்முகசுந்தரி பேசிவிடுவார். என் எதிரிலேயே மருமகளிடம் கேட்டார்: "ஏளா, ஊசியப் பாத்து மொகத்தத் திருப்புதியே, பிள்ள என்ன ஹார்பர்ல கப்பல்ல வந்தா எறங்கும்?" சொந்தத்தில் வளைகாப்பு நடந்தால் செல்விக்கு இடம் அடுப்படிதான். வளையல் போட அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

பாஸிட்டிவ் வந்த அன்று அதே சண்முகசுந்தரி மருமகளின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப் போனார். இத்தனை வருடத்தில் வேறு யாரும் செய்ய முடியாததை நான் ஓர் ஊசியில் செய்திருந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். ஊசியை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் செல்வியின் எண் இறங்கவில்லை, ஏறியிருந்தது. லேப் டெக்னீஷியன் மெல்வினைக் கூப்பிட்டு, பரிசோதனை கிட் கெட்டுப் போயிருக்கிறது என்றேன்.

"கிட் மேல பழியப் போடாதிய சார், நேத்துதான் பிரிச்சேன்" என்றான். "அந்தக்காவுக்கு நல்லா ஏறுது. மக்ரூன் வந்தா எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க."

மெல்வினுக்கு என்ன தெரியும்? அந்தக் கர்ப்பத்தை உண்டாக்கியவன் நான். இல்லாத கருவுக்கு ஸ்கேன் எதற்கு? கிட்டை மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்த மாநாட்டுப் பேச்சைத் தயார் செய்ய உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரலில் செல்வியின் நாத்தனாருக்கு வளைகாப்பு. அங்கிருந்து போன் செய்தார்.

"சார், அடிவயிறு சுண்டி இழுக்கு. தோள்பட்டையும் சேந்து வலிக்கி. தல வேற சுத்துது."

"ஏளா, டாக்டரு என்ன சொல்லுதாவ?" என்று பின்னால் மாமியார் குரல். "பிள்ள நல்லா உக்காருதுன்னு அர்த்தம், பயப்படாத."

"விசேஷ வீட்ல ஓடியாடினா வலிக்கத்தான் செய்யும். கொஞ்ச நேரம் படுங்க" என்றேன்.

"சரி சார்" என்றவர் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்கு என்னையத்தான் சார் முத ஆளா வளையல் போடக் கூப்பிட்டாவ" என்றார்.

கருப்பைக்குப் பதில் கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்தால் தோள்பட்டை வலிக்கும். மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவனே நான்தான். ஆனால் அதற்குக் கரு இருக்க வேண்டுமே. இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். பிரேதப் பரிசோதனையில் இருந்தது என்கிறீர்கள். வயிறு முழுக்க ரத்தம் என்கிறீர்கள். இருக்கலாம்.

ஆகவே கவனக்குறைவு என்று எழுத வேண்டாம். தெரிந்தே, மிகுந்த கவனத்தோடுதான் எல்லாப் பெண்களுக்கும் அந்த ஊசியைப் போட்டேன். செல்விக்கும் அப்படித்தான்.

இன்னொன்று மேடம். எங்கள் வாசல் பலகையில், சிப்பிக்குள் குழந்தை படுத்திருக்கும் படத்துக்குக் கீழே வெற்றி விகிதம் போட்டிருக்கும். அதை மாற்றச் சொல்வீர்கள், மாற்றிக்கொள்ளலாம். செல்வியை மட்டும் கழித்துவிடாதீர்கள். இந்த வருடம் என் சிகிச்சை நிஜமாகவே பலித்தது அவருக்குத்தான்.