கட்டிலைச் சுற்றும் ரயில்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில், பெங்களூர் போகும் காலை ரயில் புறப்படக் காத்திருந்தது. என் எதிர் சீட்டு இளைஞர், பொம்மை ரயில் செய்பவர்களுக்கான பத்திரிகையின் புது இதழைப் பிரித்து, பக்கத்திலிருந்த நடுவயதுக்காரரிடம் நீட்டினார்.

"கூட்ஸ் வண்டிக்கு எப்படி துரு புடிச்ச மாதிரி பெயிண்ட் அடிக்கிறதுன்னு நாலு பக்கம் போட்டிருக்காங்கண்ணா."

"துருவுக்கு ஒரு புக்கா? மூடின சுரங்க ஷாஃப்ட் மேலெல்லாம் சும்மாவே கெடக்குது, சுரண்டினு போ."

"படத்த பாருங்க. எவ்ளோ நிஜமா கீது."

"நிஜ ரயில்ல குந்திகினு பொம்மை ரயில பாக்கறவன் நீ ஒருத்தன்தான்."

"நானும் வீட்ல மாரிகுப்பம் ஸ்டேஷன் செஞ்சிருக்கேன். வண்டி கட்டில சுத்தி வரும்."

"சுத்தி வருமா? லைனே இங்க முடிஞ்சிபோச்சு. இதுக்கு மேல தண்டவாளம் ஏது?"

"நேரா விட்டா செவுத்துல இடிக்குதுண்ணா."

"அப்போ மாரிகுப்பத்துல ஏறி மாரிகுப்பத்துலயே எறங்கணும். எவன்டா அந்த வண்டில ஏறுவான்?"

பெட்டி முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். வண்டி நகரத் தொடங்கியது.

இளைஞர் தலை நிமிராமல் பக்கத்தைப் புரட்டினார்.

"தெனம் காலைல இங்க ஏறி, பெங்களூர் போய்ட்டு, ராத்திரி இங்கயே வந்து எறங்குறோமே. நாமதாண்ணா."