வியாழக்கிழமைக் கட்டு

சங்கிலி: இடுப்பு முறியுது ஸாலிஹ் நானா. காலையில இருந்து சம்மணம் போட்டுக் குந்தினது, இப்பத்தான் நிமிர்ந்தேன். திரும்பவும் குந்துங்கறீங்க.

ஸாலிஹ்: நிண்டுகொண்டே செல்லு. எனக்கென்ன.

சங்கிலி: நின்னா முழங்கால் விண்ணு விண்ணுங்குது.

ஸாலிஹ்: அப்ப குந்து. அந்தப் பெட்டிய இழுத்துக்க. இது என்ன?

சங்கிலி: பீடிக்கட்டு.

ஸாலிஹ்: எனக்குத் தெரியா, பாரு. பன்ரெண்டு வருசமா இந்தக் கடையில கட்டுப் பார்த்துக் கழிக்கிறவன் நான். ஆருட கட்டு?

சங்கிலி: ...என்னோடதுதான்.

ஸாலிஹ்: எண்டைக்குச் சுத்தினது?

சங்கிலி: வியாழக்கிழமை.

ஸாலிஹ்: ஒண்ட உருவி அமுக்கு.

சங்கிலி: எதுக்கு நானா?

ஸாலிஹ்: அமுக்கு மனே.

சங்கிலி: கொஞ்சம் தொய்வுதான்.

ஸாலிஹ்: கொஞ்சமா? தூள் கொட்டுது. வாய் மடிச்சது விரிஞ்சுபோய் ஈக்குது. இதப் பத்த வச்சு இழுத்தா புகை வராது, தூள்தான் தொண்டைக்குள்ள போகும். வியாழன் ரெண்டு கட்டு, நேத்து வெள்ளி ரெண்டு கட்டு. நூறு பீடி. கொட்டாஞ்சேனையில ஒன்ன மாதிரிச் சுத்த ஆளில்ல. ஒனக்கு என்ன வந்த?

சங்கிலி: கழிச்சிடுங்க. என் கூலியில பிடிச்சுக்கங்க.

ஸாலிஹ்: இது கூலிப் பேச்சில்ல. போன கிழமை மொதலாளி என்ன சென்னாரு?

சங்கிலி: நாங்க சுத்துறப்ப நடக்கிற வாசிப்ப நிறுத்தப்போறேன்னாரு.

ஸாலிஹ்: ஏன்?

சங்கிலி: கதை கேட்டா கை தளருதாம். அவரு எந்தக் கதையக் கேட்டாராம்?

ஸாலிஹ்: அத அவர்கிட்ட கேளு. இந்தக் கிழமை திங்கள்லேருந்து வெள்ளி மட்டும் என்ன பொஸ்தகம் வாசிச்ச, கட்டு எப்படி ஈந்த எண்டு எழுதி வைக்கச் சென்னாரு. திங்கக்கிழமை வந்து பார்ப்பாரு. இந்த நாலு கட்டையும் பார்த்தா வாசிப்பு அண்டையோட சரி.

சங்கிலி: அப்ப அழகுமுத்து அண்ணன்?

ஸாலிஹ்: வெளியதான்.

சங்கிலி: நானா, அந்த மனுசன் வலது கையி துறைமுகத்தில கரி இறக்குற ஜெட்டியில நசுங்கினது. ரெண்டு விரலு இல்ல. எங்க போவாரு? நாங்க பதினாலு பேரு, தலைக்கு இருபது பீடி அவரு கணக்கில போடுறோம். அவரு வாசிக்கிறாரு, நாங்க சுத்துறோம். முதலாளிக்கு ஒரு சதம் நட்டமில்ல.

ஸாலிஹ்: நட்டமா இல்லையா எண்டுதான் நான் எழுதப்போறன். செல்லு. திங்கக்கிழமை என்ன வாசிச்ச?

சங்கிலி: திங்கக்கிழமையா! அது கொலைக்கதை நானா. ஜமீன் பங்களாவில பெரியவரு செத்துக் கிடக்காரு, கதவு உள்பக்கம் பூட்டு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வேற ஒருத்தன் மேல சந்தேகம். மொதல்ல சமையக்காரன், அப்புறம் மருமகப்பிள்ளை... அந்த மாதிரிப் புத்தகம் எழுதினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். அன்னைக்கு நான் எத்தனை சுத்தினேன், பாருங்க.

ஸாலிஹ்: ஆயிரத்து எழுவது.

சங்கிலி: பாத்தீங்களா! சந்தேகம் ஆள் மாறுறப்ப எல்லாம் கை தானா ஓடும். யாரும் ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கல. கடைசியில பாத்தா சோத்தில வெஷம் வச்சது...

ஸாலிஹ்: சோத்திலயா? சுண்ணாம்பில. வெத்தில தின்னாப் பொறகுதானே மவுத்தானாரு.

சங்கிலி: ...ஆமா. சுண்ணாம்பிலதான். நானா, உங்களுக்கு எப்படி...?

ஸாலிஹ்: எனக்கும் ஒங்களுக்கும் நடுவில ஈக்கிறது ஒரு பலகைத் தடுப்பு. காதுக்கு மூடியா போடுற? செவ்வாய்க்கிழமைக்கு வா.

சங்கிலி: செவ்வாய்க்கிழமை மாட்டு வைத்தியம்.

ஸாலிஹ்: என்ன?

சங்கிலி: மாட்டுக்கு வாற நோவும் மருந்தும். வாசிகசாலையில அன்னைக்கு அதுதான் மிச்சம் இருந்துச்சு. சிரிக்காதீங்க. அத மாதிரிப் பிரயோசனமான புத்தகம் நான் கேட்டதில்ல.

ஸாலிஹ்: பதினாலு பேரில ஆருகிட்ட மாடு ஈக்குது?

சங்கிலி: ஒருத்தன்கிட்டயும் இல்ல. இருந்தும் ஒவ்வொருத்தனும் டாக்டர். வயித்து உப்புசத்துக்கு விளக்கெண்ணெயா வேப்பெண்ணெயான்னு ஒரு மணிநேரம் சண்டை. சிவானந்தன் மடியில இருந்த தூள் சுளகத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிட்டான்.

ஸாலிஹ்: அதுதான் அண்டைக்கு அவன் தொள்ளாயிரத்தில நிண்டுட்டான்.

சங்கிலி: அது அவன் குணம், புத்தகத்த ஏன் சொல்றீங்க? நானா, அதில இருமலுக்கு ஒரு பாகம் இருக்கு. மூச்சு இழுக்கும், தீனி எடுக்காது, விலா தெரியும்னு எழுதியிருக்கான். எங்க ஆத்தாளுக்கு அப்படியே வந்துச்சு, நாங்க தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில இருந்தப்ப. மாட்டுக்கு மூணு மருந்து எழுதியிருக்கான். எங்க லயத்துக்கு ஒரு மருந்தும் வரல. எழுதினவன் நல்லவனாத்தான் இருப்பான். மாட்டுக்கே அப்படிப் பாத்து எழுதுறவன்.

ஸாலிஹ்: புதன்?

சங்கிலி: நட்சத்திரம்.

ஸாலிஹ்: சாஸ்திரமா?

சங்கிலி: இல்லை இல்லை, வானத்தில இருக்கிற நட்சத்திரம். எம்புட்டு தூரம், எம்புட்டு சூடுன்னு. இன்னைக்கு நாம பாக்குற வெளிச்சம் நம்ம பாட்டன் காலத்தில கிளம்பினதாம். அதுக்குள்ள அந்த நட்சத்திரம் அணைஞ்சும் போயிருக்கலாமாம். தோட்டத்துக்கு வந்து சேர்ற தபால் மாதிரி.

ஸாலிஹ்: ஆள் மவுத்தானாப் பொறகு காயிதம் வாற மாதிரி.

சங்கிலி: அதேதான்! அன்னைக்கு ஒருத்தனும் வாயத் தொறக்கல நானா. வத்திப்பெட்டி உரசுற சத்தம்கூட இல்ல. அழகுமுத்து அண்ணனே அந்தப் பக்கத்த ரெண்டு தரம் வாசிச்சாரு. மொத்தத்தில பத்துப் பக்கந்தான் எனக்குப் புரிஞ்சிருக்கும். அந்தப் பத்துப் பக்கமும் போதும். கட்டு எப்படி?

ஸாலிஹ்: புதன் கட்டு... அடிமட்டம் வச்சு அடிச்ச மாதிரி. ஒண்டும் கழிவில்ல.

சங்கிலி: எழுதுங்க அத. பெரிசா எழுதுங்க.

ஸாலிஹ்: எழுதிட்டன். இப்ப வியாழனும் வெள்ளியும்.

சங்கிலி: ரெண்டு நாளும் ஒரே நாவல்தான். புறக்கோட்டையில பழைய புத்தகக்காரன்கிட்ட நாங்க சேந்து வாங்கினது. இளவயசில புருசன் செத்துப்போன ஒரு பொண்ணு, கொழும்புக்கு வந்து சோடாக்கடை போடுது.

ஸாலிஹ்: அழுதீங்களா?

சங்கிலி: சிவானந்தன் அழுதான். அவன் எதுக்குத்தான் அழல? எனக்குக் கோவந்தான் வந்துச்சு.

ஸாலிஹ்: ஏன், நல்லமில்லையா?

சங்கிலி: ரொம்ப நல்லா இருக்கு! அதனாலதான் கோவம். அவ அண்ணன்காரன் வந்து கடைய மூடச் சொல்றப்ப ஒரு போத்தல எடுத்து மேசையில வச்சு, குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்றா பாருங்க, அந்த இடத்தில எல்லாரும் சுளகில தட்டினோம். ஆனா அவ லைசன்ஸ் எப்படி எடுத்தான்னு எழுதல. ஒரு வரி இல்ல. முனிசிபாலிட்டிக்கு எத்தனை நாள் நடந்திருப்பா? எந்தக் கிளார்க்கு இழுத்தடிச்சான்? அத விட்டுட்டு நிலா வெளிச்சத்த ரெண்டு பக்கம் எழுதியிருக்கான்.

ஸாலிஹ்: அப்ப கோவத்தில கை தளர்ந்த எண்டு எழுதவா?

சங்கிலி: ஐயோ, புத்தகத்து மேல போடாதீங்க! எனக்குக் காய்ச்சல்னு எழுதுங்க.

ஸாலிஹ்: அதே வியாழக்கிழமை நீ சுத்தின மத்தக் கட்டெல்லாம் கல்லு மாதிரி ஈக்குது. காய்ச்சல் ரெண்டு கட்டுக்கு மட்டுமா வந்த?

சங்கிலி: குடிச்சிருந்தேன்னு எழுதுங்க.

ஸாலிஹ்: நீ தேத்தண்ணிக்கே சீனி வேணாம் எண்டு செல்ற ஆள்.

சங்கிலி: நானா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன். நான்தான் சுத்தினேன், நான்தான் கெடுத்தேன், என்னை நிறுத்திடுங்க. எனக்கு ரெண்டு கையி இருக்கு, எங்கயும் போய்ச் சுத்துவேன்.

அழகுமுத்து: அவன விடுங்க நானா.

சங்கிலி: அண்ணே, நீங்க ஏன் இப்ப உள்ள வந்தீங்க? போங்க.

அழகுமுத்து: வாசல்ல நின்னு எம்புட்டு நேரம் கேக்கிறது? அந்த நாலு கட்டும் நான் சுத்தினது.

சங்கிலி: பொய்யி. நம்பாதீங்க.

அழகுமுத்து: சும்மா இருடா. வாசிப்ப நிறுத்துவேன்னு முதலாளி சொன்னாருல்ல, அன்னைக்கே யோசிச்சேன். வாசிப்பு போனா எனக்குச் சுத்தவாவது தெரியணும். அவன் பங்குக்கு வாற இலையும் தூளும் வாங்கி, காலையில நீங்க வாறதுக்கு முந்தியும் சோத்து நேரத்திலயும் சுத்தினேன். அவன் கட்டோட கட்டா வைக்கச் சொன்னதும் நான்தான். உங்க கையில கழிவு ஆகாம தப்பிச்சா, நானும் பீடி சுத்துறவன்னு முதலாளி முன்னால போய் நிக்கலாம்னு நெனச்சேன். இப்ப பாத்தா, வாசிப்புக்கே அது எமனா வந்து நிக்குது. அவன் பேர எழுதாதீங்க. என் பேர எழுதுங்க.

ஸாலிஹ்: தெரியும்.

சங்கிலி: என்ன தெரியும்?

ஸாலிஹ்: வியாழக்கிழமை பின்நேரமே தெரியும். நூல் இடப்பக்கமாச் சுத்தி ஈக்குது. பதினாலு பேரில இடக்கையன் ஒருத்தனும் இல்ல.

சங்கிலி: அடப்பாவி நானா! தெரிஞ்சுக்கிட்டேதானா ஒரு மணிநேரமா இந்த இடுப்போட என்னைக் குந்தவச்சு, மாட்டிலயும் நட்சத்திரத்திலயும் கேள்வி கேட்டீங்க?

ஸாலிஹ்: சுத்தினது ஆரெண்டு நீ செல்லுவியா எண்டு பார்த்தன். செல்லல்ல. மத்தது, மொதலாளிக்குக் காட்ட எனக்குக் கணக்கு வேணும். இந்தா, அழகுமுத்து, வாசி. உரத்து வாசி.

அழகுமுத்து: "திங்கள், கொலைக்கதை, சங்கிலி ஆயிரத்து எழுபது, கழிவு எட்டு. செவ்வாய், மாட்டு வைத்தியம், தர்க்கம் உண்டு, கழிவு பதினொன்று. புதன், வானநூல், கழிவு இல்லை. வியாழன், வெள்ளி, சோடாக்கடை நாவல், நான்கு கட்டுக் கழிவு. காரணம்..." காரணத்துக்கு நேரே ஒண்ணும் இல்லையே.

ஸாலிஹ்: எழுதிறன். குடு பேனைய. "காரணம், கிடங்குக் கூரை ஒழுகி இலை நனைந்தது." சரியா? கூரை ஒழுகிறது மொதலாளிக்கும் தெரியும். திருத்தச் சொல்லி நானே மூண்டு தரம் சென்னன்.

சங்கிலி: அந்த ரெண்டு நாளும் மழையே பேயல நானா.

ஸாலிஹ்: அவர் வெள்ளவத்தையில ஈக்கிறவர். கொட்டாஞ்சேனை மழை அவருக்கு எப்படித் தெரியும்?

சங்கிலி: அழைச்சுக் கேட்டா?

ஸாலிஹ்: கேட்டா நான் செல்லிக்கொள்றன். கழிவு ஒண்டுக்கும் நான் பொய்க் காரணம் எழுதினதில்ல எண்டு அவருக்குத் தெரியும்.

சங்கிலி: இப்ப எழுதிட்டீங்களே.

ஸாலிஹ்: ஓ. எழுதிட்டன். அழகுமுத்து, நீ இனி பீடியத் தொடாத. அல்லாட காவல், அந்த நாலு கட்டையும் கையில எடுத்த நேரம் எனக்கு இருமலே வந்துட்ட.

அழகுமுத்து: அம்புட்டு மோசமா?

ஸாலிஹ்: மாட்டுக்குக் குடுக்கலாம். அந்தப் பொஸ்தகத்தில கேளு.

சங்கிலி: ஹா! அண்ணே, கேட்டீங்களா!

அழகுமுத்து: கேட்டேன், கேட்டேன்... நானா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முதலாளி கண்டுபிடிச்சா போறது உங்க வேலையும்தான். பன்னிரண்டு வருசத்து நல்ல பேரு. வீட்டில கட்டிக்குடுக்க மூணு கொமருன்னு சொல்லியிருக்கீங்க. எனக்காக எதுக்கு இத எழுதினீங்க?

ஸாலிஹ்: ஒனக்காக எண்டு ஆரு சென்ன? லண்டன் ராசாட முடிசூட்டு லீவு முடிஞ்சு நீ இங்க வாசிக்கத் தொடங்கின நாளிலேருந்து, ரெண்டு வருசம், பலகைக்கு இங்கால குந்தி கட்டு எண்ணுற மாதிரி எண்ணிக்கொண்டு ஒரு பொஸ்தகம் விடாம நானும் கேட்டன். கேட்டது பதினாலு பேரில்ல அழகுமுத்து, பதினஞ்சு. தலைக்கு ஒரு நாளைக்கு இருவது பீடி. என்ட பங்கு ஒரு நாளும் நான் தரல்ல. இண்டைக்கு எழுதினதால அது கழியாது... ரெண்டு வருசத்துப் பங்கு, அது நான் ஒனக்கு இன்னும் தரவேண்டிய கடன்.