பாஸான கல்லு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், கேட்டதில் பாதி மறந்தும் போகும், குறை நினைக்காதேங்கோ.

மல்லாவியிலிருந்து வவுனியா போற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவ வேலைச் சப்பாத்துப் போட்டிருந்தா. அவவுக்கு போன் வந்தது. கேட்ட உடனே, "பாஸாம்! பாஸாம்!" என்று கத்தினா.

பக்கத்திலிருந்தவ, "மகளோ பிள்ளை? எத்தினை ஏ எடுத்தவ?" என்று கேட்டா.

"மகளில்லை அக்கா, கல்லு."

"கல்லு எப்ப சோதினை எழுதினது?"

"நான் விமான நிலைய வேலையில நிக்கிறன். பழைய ஓடுபாதைக் கொங்கிறீட்டை உடைச்சு அரைச்சுக் கல்லாக்கி, புது ஓடுபாதைக்கு அடியில போடப்போகினம். அதுக்குள்ள கிடக்கிற கம்பி, ஓட்டுத்துண்டு, மண்கட்டி எல்லாம் பொறுக்கிறது நாங்கள் பொம்பிளையள்தான். இண்டைக்குக் கல்லுப் பரிசோதினையில பெயிலெண்டால் அவ்வளவும் பள்ளம் நிரப்பத்தான் போயிருக்கும். எங்களையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பினம்."

"அப்ப பிளேன் உங்கட கல்லுக்கு மேலதான் இறங்குமெண்டு சொல்லு!"

"பின்ன!"

கொண்டக்டர் பெடியன் விடவில்லை. "அடியில கிடக்கிற கல்லை ஆருக்கக்கா தெரியப்போகுது?"

அவ சிரித்துக்கொண்டே நிமிர்ந்து இருந்தா. "இறங்கேக்க பிளேனுக்குத் தெரியும், தம்பி."

பஸ்ஸே சிரித்தது.

கல்லை அடியில் போடுவதோ நடுவில் போடுவதோ, நான் பிழையாகக் கேட்டிருப்பன். அந்த வேலை தெரிஞ்சவை ஆரும் பாத்துத் திருத்திவிடுங்கோ. பாஸ் எண்டதை மட்டும் திருத்தவேண்டாம், அது பஸ் முழுக்கக் கேட்டது.